வெள்ள அரக்கனுக்கு உயிர் 200! விளையாட்டு அரக்கர்கள் குழந்தை மனசுக்கு என்ன செய்கிறார்கள்?

"தம்பி, இவன் போக்கே சரியில்ல பாத்துக்கோ. எந்நேரமும் பேயும் பூதமுமா வரைஞ்சிட்டுக் கெடக்கான். நீதான் பத்திரிகையில இருக்கியே, என்னன்னு கேளு!"

சீசன் நேரத்தில் தென்காசி வீட்டுக்குப் போனபோது, வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அக்கா சொன்னது இது. கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. பிரித்துப் பார்த்தால், ஆமாம், கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. உடம்பு முழுக்கத் தண்ணீர். பல் இருக்க வேண்டிய இடத்தில் பாறைகள். கொம்புக்குப் பதிலாக வேரோடு பிடுங்கிய மரம். பக்கத்தில் கோணல்மாணலான எழுத்தில்,

'பெயர்: வெள்ள அரக்கன். உயிர்: 200. பலவீனம்: இன்னும் கண்டுபிடிக்கல.'

வரைந்தவனுக்குப் பத்து வயது. "இது கேம் மாமா. நான் கதை சொல்லுவேன். நீங்க ஹீரோ, உங்களுக்கு உயிர் 50. தாயக்கட்டைய உருட்டுங்க. தாயம் விழுந்தா அவனுக்கு 10 போகும், பன்னெண்டு விழுந்தா 20 போகும். வேற எது விழுந்தாலும் அவன் உங்கள அடிப்பான்" என்றான்.

ஆச்சி வீட்டுத் தாயக்கட்டையை வைத்துக்கொண்டு அவன் ஆடிய இந்த ஆட்டத்துக்கு உலகம் முழுக்க ரசிகர்கள் இருக்கிறார்கள். இதன் பெயர் ரோல் பிளேயிங் கேம். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி அரக்கர்களோடு மோத வேண்டும். வெற்றி தோல்வியைப் பகடை முடிவு செய்யும். 1974-ல் அமெரிக்காவைச் சேர்ந்த கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் கொண்டுவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இந்த வகைக்கு முன்னோடி. 1977-ல் அந்த விளையாட்டுக்கென்றே அரக்கர்களின் பட்டியலாக ஒரு புத்தகம் வந்தது. அதில் நம்ம ஊர் 'ராட்சசன்'கூட இருக்கிறான், புலித்தலையோடு! இன்றைக்கு மொபைலிலும் கம்ப்யூட்டரிலும் பிள்ளைகள் அடித்துத் தள்ளும் பல அரக்கர்களுக்கு இந்தக் குடும்பத்தோடு சொந்தம் உண்டு.

சரி, இவன் ஏன் தண்ணீரை அரக்கனாக வரைந்தான்?

அந்த வீடியோ

2024 மே 17-ம் தேதி, பழைய குற்றாலத்தில் திடீரென்று காட்டாற்று வெள்ளம் இறங்கியது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறியடித்து ஓடினார்கள். 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அந்த வெள்ளத்தின் வீடியோ அன்றைக்கே எல்லோருடைய போனுக்கும் வந்துவிட்டது. அப்போது எட்டு வயதாக இருந்த எங்கள் வீட்டுப் பையனும் பார்த்தான். யாரும் அவனுக்குக் காட்டவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை.

அன்றிலிருந்து அருவி என்றாலே வர மாட்டேன் என்று அடம். தென்காசிப் பிள்ளைக்கு அருவிப் பயம் என்றால் சொந்தக்காரர்கள் விடுவார்களா? "ஆம்பளப் புள்ளைக்கு என்னலே பயம்" என்று கேலி செய்தார்கள். அதற்குப் பிறகு அவன் அதைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டான். பேசாததைத்தான் நோட்டில் வரைந்திருக்கிறான்.

பயத்துக்கு ஓர் உருவம்

உருவம் இல்லாத பயத்தைப் பெரியவர்களாலேயே சமாளிக்க முடியாது. எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது, எப்போது வரும் என்று எதுவும் தெரியாது. அதற்கு ஒரு முகமும் பெயரும் கொடுத்துவிட்டால், 'எனக்குள்ளே இருக்கிற ஏதோ ஒன்று' என்பது 'எனக்கு எதிரே நிற்கிற ஒருத்தன்' என்று மாறிவிடுகிறது.

இதை ஒரு சிகிச்சை முறையாகவே வளர்த்தவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் வைட். உடையிலேயே மலம் கழித்துவிடும் பழக்கத்தால் கூனிக் குறுகிப்போயிருந்த குழந்தைகளுக்கு 1980-களில் அவர் ஆலோசனை கொடுத்தார். 'திருட்டு ஆய்' என்கிற மாதிரி அந்தப் பிரச்னைக்கு ஒரு குறும்புப் பெயர் வைத்தார். 'உன்னைப் போன முறை எப்படி ஏமாற்றியது? நீ எப்போது அதை ஏமாற்றினாய்?' என்கிற ரீதியில் பேச்சு போகும். 'நான் அசிங்கமானவன்' என்று நினைத்த குழந்தை, அப்பா அம்மாவோடு சேர்ந்து அந்தத் திருடனைப் பிடிக்கக் கிளம்பிவிடும்.

விளையாட்டு இதற்கு மேல் ஒரு படி போகிறது. அரக்கனுக்கு ஒரு எண் கொடுக்கிறது. உயிர் 200 என்றால் மலைப்பாக இருக்கலாம். ஆனால், பத்துப் பத்தாகக் குறையும். முடிவே இல்லாதது என்று நினைத்த பயம், எண்ணி முடிக்கக்கூடிய ஒன்றாகிவிடுகிறது. தோற்றாலும் நோட்டில்தான் சாவு. கட்டையை எடுத்து மறுபடி உருட்டலாம்.

நாம் காட்டும் பூச்சாண்டிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். பூச்சாண்டியை அனுப்புவது பெரியவர்கள். அந்தக் கதையில் குழந்தைக்கு ஆட்டமே கிடையாது, சோற்றை விழுங்குவதைத் தவிர. விளையாட்டு அரக்கன் முன்னால் கட்டை குழந்தையின் கையில் இருக்கிறது.

சூரனும் ஒரு 'பாஸ்'தான்

"இதெல்லாம் வெளிநாட்டுக்காரன் கண்டுபிடிச்சது, நமக்கு ஒத்துவருமா?" என்று அக்கா கேட்டாள். திருச்செந்தூர் சூரசம்ஹாரத்தை ஞாபகப்படுத்தினேன். யானை முகம் கொண்ட தாரகாசுரன் விழுந்ததும் சிங்கமுகன் வருவான். அவனும் விழுந்ததும் சூரபத்மன் தன் சொந்தத் தலையோடு வருவான். கடைசியில் மாமரமாக நிற்பான். ஒவ்வொரு கட்டத்திலும் தலையை மாற்றிக்கொண்டு வரும் எதிரியைக் கேம் ஆடும் பிள்ளைகள் 'பாஸ்' என்பார்கள். நாம் ஒவ்வோர் ஐப்பசியிலும் கடற்கரையில் நின்று பார்க்கிறோம். முடிவில் சூரன் என்ன ஆனான்? மயிலும் சேவலுமாக மாறி முருகனோடேயே இருக்கிறான். எதிரி, வாகனமாகவும் கொடியாகவும் ஆகிவிட்டான்.

குற்றாலம் சித்திர சபையில் ஓவியமாக ஆடும் நடராஜரை நினைத்துப் பாருங்கள். நடராஜர் காலடியில் கிடக்கும் முயலகன் செத்துவிடவில்லை. காலுக்குக் கீழே, அடங்கி இருக்கிறான்.

தசராவுக்கு நம் மாவட்டத்திலிருந்தும் குலசேகரன்பட்டினத்துக்கு மாலை போட்டுப் போகிறவர்கள் உண்டு. அமைதியாகக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி காளி வேஷத்தில் கோரைப்பல்லோடு வரும்போது பார்த்திருக்கிறீர்களா? நமக்குள் இருந்தும் நாம் ஒப்புக்கொள்ளாத முகத்தை உளவியலாளர் கார்ல் யுங் 'நிழல்' என்றார். அதை ஒளித்தே வைத்தால் அது நம்மை ஆட்டும் என்பது அவர் கருத்து. அந்த முகத்தைப் பத்து நாள் வெளியே எடுத்துப் பூசி, பிறகு கடலில் கழுவிவிட்டு வீட்டுக்கு வர நம்மிடம் ஒரு திருவிழா இருக்கிறது.

ஒவ்வோர் அரக்கனுக்கும் ஒரு பயம்

பிள்ளை எந்த அரக்கனோடு மல்லுக்கட்டுகிறான் என்று கவனித்தால் சில விஷயங்கள் பிடிபடலாம். பொன் குவியல் மேல் படுத்திருக்கும் டிராகனைப் பேராசையின் உருவம் என்கிறார்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் 'மிமிக்' என்று ஒன்று உண்டு. பார்க்கப் புதையல் பெட்டி போலவே இருக்கும், திறக்கப் போனால் கடிக்கும். நம்பி ஏமாந்த யாருக்கும் அது புரியும். ஜோம்பி, தெரிந்த முகம் திடீரென்று தெரியாத ஆளாகிவிடும் பயம். இது அகராதி இல்லை. ஒரே அரக்கன் இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு பொருள் தரலாம். அதனால், 'இது என்ன அர்த்தம்' என்று நாமே முடிவு கட்டாமல் பிள்ளையிடம் கேட்பது நல்லது.

எல்லா விளையாட்டும் அரக்கனைக் கொல்லச் சொல்வதும் இல்லை. 1996-ல் ஜப்பானில் வந்த போக்கிமானில் அரக்கர்களைப் பிடித்து, வளர்த்து, கூட்டாளிகளாக வைத்துக்கொள்ளலாம். அதை உருவாக்கிய சடோஷி தஜிரிக்குச் சின்ன வயதில் பூச்சி பிடித்துச் சேர்த்த பழக்கம்தான் தூண்டுதல். 2015-ல் டோபி ஃபாக்ஸ் உருவாக்கிய 'அண்டர்டேல்' விளையாட்டில் எந்த அரக்கனையும் கொல்லாமல், பேசியும் மன்னித்தும் கடைசிவரை போக முடியும்.

எப்போது கவலைப்பட வேண்டும்?

1980-களில் அமெரிக்கப் பெற்றோர் பலர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸைப் பார்த்துப் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று பதறினார்கள். இன்று மேலைநாடுகளில் சில ஆலோசகர்கள் கூச்சமும் பதற்றமும் உள்ள பிள்ளைகளைக் குழுவாக உட்காரவைத்து அதே விளையாட்டை ஆடவைக்கிறார்கள். அதற்காக எல்லாமே நல்லது என்று விட்டுவிடவும் முடியாது.

* விளையாட்டு பயத்தைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா என்று பாருங்கள். ஒரே காட்சியை மாறாமல் திரும்பத் திரும்ப வரைந்து, முடிவில் இன்னும் பதறினால், தூக்கம், சாப்பாடு, பள்ளி பாதிக்கப்பட்டால் மனநல ஆலோசகரைப் பாருங்கள்.

* விளையாட்டை நிறுத்த முடியாமல், மற்ற எல்லாவற்றையும் விட அதுவே முக்கியமாகி, அன்றாட வாழ்க்கை கெடுவதை உலக சுகாதார நிறுவனம் 'கேமிங் கோளாறு' என்று வகைப்படுத்தியிருக்கிறது. பொதுவாக 12 மாதங்கள் இந்த நிலை நீடிக்கிறதா என்று பார்ப்பார்கள்.

* வயதுக்கு மீறிய ரத்தக்களரி விளையாட்டுகள் வேண்டாம்.

* 'இதுக்கெல்லாமா பயம்' என்ற கேலி வேண்டவே வேண்டாம். 'உன் அரக்கனுக்கு என்ன பிடிக்கும், எதைப் பார்த்தா ஓடுவான்' என்று கேளுங்கள்.

* மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணம் இல்லை.

பொங்குமாங்கடல்

அன்று ராத்திரி நானும் அக்காவும் ஆட்டத்தில் உட்கார்ந்தோம். நான் இரண்டு முறை செத்தேன். அக்கா, "வெள்ளம் வருதுன்னா சண்டை எதுக்குலே? மேட்டுல ஏறி நிக்கேன்" என்றாள். பையன் ரொம்ப நேரம் யோசித்தான். பிறகு நோட்டை எடுத்து, 'பலவீனம்: மேட்டுல ஏறினா ஒண்ணும் செய்ய முடியாது' என்று எழுதினான்.

மறுநாள் காலை, எங்களோடு புலியருவி வரை வருவதாக அவனே சொன்னான். சின்ன அருவி, பிள்ளைகளுக்குத் தோதானது. போகிற வழியில் பேரருவியைத் தூர நின்று பார்த்தோம். பாதி மலையில் பொங்குமாங்கடல் இருப்பதைக் காட்டினேன். உச்சியிலிருந்து வரும் தண்ணீர் நேரே நம் தலையில் விழுவதில்லை. முதலில் அந்தப் பள்ளத்தில் விழுந்து, வேகம் அடங்கி, பொங்கி, அதற்குப் பிறகுதான் கீழே வருகிறது. அதனால்தான் நம்மால் கீழே நின்று குளிக்க முடிகிறது. அவனுடைய நாற்பது பக்க நோட்டும் அப்படி ஒரு பள்ளம்தான் என்று எனக்குத் தோன்றியது. அவனிடம் சொல்லவில்லை.

புலியருவியில் முழங்கால் வரை இறங்கினான். தலையை நனைக்கவில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை. "மாமா, ஆர்ச்சைத் தாண்டித் தண்ணி வந்தா யாரும் இறங்கக் கூடாது. போலீஸ் விசில் அடிச்சா ஓடிரணும். இது ரூல்" என்றான். சரியான ரூல்தான். அந்தப் பயம் அவனிடம் இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டைத் திறந்தான். 200 என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் 140 என்று எழுதினான்.

"இன்னும் 140 இருக்கே?" என்றேன்.

"அடுத்த சீசன் இருக்குல்லா மாமா!"