மருந்துச் சீட்டோடு குடும்ப அட்டையும்: உணவு உதவிக்கு விண்ணப்பிக்கும் வழிமுறைகள்

காசநோய்க்கான மாத்திரைகள் அரசு மருத்துவமனைகளில் விலையின்றி வழங்கப்படுகின்றன. ஆயினும் அம்மாத்திரைகளை உட்கொள்ளும் ஆறு மாத காலத்தில் நோயாளி கூலி வேலைக்குச் செல்ல இயலாமற் போனால் வீட்டில் உலை எவ்வாறு கொதிக்கும் என்னும் வினாவுக்கு மருந்துச் சீட்டில் விடை இல்லை. அவ்விடை பெரும்பாலும் நியாய விலைக் கடையிலும் வட்ட வழங்கல் அலுவலகத்திலும் வங்கிக் கணக்கிலும் இருக்கின்றது. அதனைத் தேடிப் பெறும் வழியைத் தேவதானப்பட்டியிலும் அதன் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் இருந்து எங்களிடம் வரும் குடும்பங்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மஞ்சளாற்றுப் பாசனத்திலும் மாந்தோப்புகளிலும் நாட்கூலிக்கு உழைப்போர் மிகுந்த பகுதி இது. மாங்காய் பறிக்கும் பருவத்தில் வேலை கிடைக்கும். பருவம் முடிந்தால் குறையும். இத்தகைய வீட்டில் ஒருவர் நோயுற்றால் இருவரின் கூலி நின்றுவிடுகின்றது: ஒருவர் படுக்கையில், மற்றொருவர் அவருக்குத் துணையாக. அந்நிலையில் முதலில் பருப்பு குறைகின்றது. பிறகு முட்டையும் பாலும் நிற்கின்றன. இறுதியில் மூன்று வேளை இரண்டு வேளையாகின்றது. இம்மாற்றத்தை நோயாளிகள் எங்களிடம் சொல்வதில்லை. எடை பார்க்கும் கருவிதான் சொல்கின்றது.

உணவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு

உணவு மருந்துக்கு மாற்றாகாது என்பதை முதலில் தெளிவுபடுத்த விரும்புகின்றோம். 1956ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கிய புகழ்பெற்ற ஆய்வொன்று, மருத்துவமனையில் தங்கி நல்லுணவு பெற்ற காசநோயாளிகளையும், வீட்டில் எளிய உணவுடன் அதே மருந்துகளை உட்கொண்டவர்களையும் ஒப்பிட்டது. இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர். உலகெங்கும் காசநோய்க்கு வீட்டிலிருந்தே சிகிச்சை பெறும் முறை பரவியதற்கு அவ்வாய்வு பெருங்காரணம். எனவே, உணவு போதவில்லை என்பதற்காக எவரும் மருந்தை நிறுத்தக் கூடாது.

ஆனால் உடல் மிகவும் மெலிந்தவர்களின் நிலை வேறு. ஜார்க்கண்ட் மாநிலத்தில் நடைபெற்று 2023ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், நோயாளிகளுக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் மாதந்தோறும் உணவுப் பொருள்கள் வழங்கப்பட்டன. குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் அளிக்கப்பட்டவை 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் நுண்ணூட்டச் சத்து மாத்திரைகளும் மட்டுமே. அக்குடும்பங்களில் புதிதாகக் காசநோய் தோன்றுவது, ஒப்பீட்டுக் குழுவைக் காட்டிலும் சுமார் 40 விழுக்காடு குறைந்தது. சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களில் உடல் எடை 5 விழுக்காடு கூடிய நோயாளிகளிடையே இறப்பின் ஆபத்து ஏறத்தாழ 60 விழுக்காடு குறைந்திருந்தது. 40 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது 2 கிலோ மட்டுமே. அந்த 2 கிலோவை ஈட்டித் தருவதற்கு அரசின் உணவு உதவி பெருந்துணை புரியும்.

புற்றுநோய், சிறுநீரக நோய், பக்கவாதம் முதலிய நெடுநாள் நோய்களால் கூலி இழந்த குடும்பங்களுக்கும் கீழ்க்காணும் செய்திகளுள் பெரும்பாலானவை பொருந்தும்.

குடும்ப அட்டை இல்லாதோர்

தமிழ்நாட்டில் பொது விநியோகத் திட்டம் அனைவருக்குமானது. வறுமைக் கோட்டுச் சான்று இருந்தால்தான் விண்ணப்பிக்கலாம் என்னும் எண்ணம் தவறு. தனியே குடியிருந்து தனியே சமைத்து உண்ணும் எக்குடும்பமும் குடும்ப அட்டை கோரலாம். அரிசி அட்டைதாரர்களுக்கு 2011 சூன் மாதம் முதல் அரிசி விலையின்றி வழங்கப்படுகின்றது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன.

விண்ணப்பத்தை உணவுப் பொருள் வழங்கல் துறையின் இணையதளத்தில் நீங்களே பதிவு செய்யலாம். இயலாதோர் இ-சேவை மையத்தை அணுகலாம். தேவையானவை: குடும்பத் தலைவரின் ஒளிப்படம், உறுப்பினர் அனைவரின் ஆதார் அட்டை, இருப்பிடச் சான்று, எரிவாயு இணைப்பு இருப்பின் அதன் விவரம். ஆதார் பெறாத சிறு குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். எவ்வகை அட்டை வேண்டும் என்ற இடத்தில் 'அரிசி அட்டை' என்பதைத் தேர்ந்தெடுத்திருக்கின்றார்களா என்று கவனியுங்கள். சர்க்கரை அட்டை என்று பதிவாகிவிட்டால் அரிசி கிடைக்காது. பதிவு முடிந்ததும் தரப்படும் குறிப்பு எண்ணைத் தவறாது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தின் நிலையை அவ்வெண்ணைக் கொண்டே அறிய முடியும். பின்னர் அலுவலர் ஒருவர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார். நீங்கள் மருத்துவமனையில் இருக்கும் நாட்களில் அவர் வரக்கூடுமாதலால், அண்டை வீட்டாரிடம் செய்தி சொல்லி வைப்பது நலம்.

விண்ணப்பங்கள் தள்ளுபடியாவதற்குப் பெரிதும் காரணமாக இருப்பது ஒரே பெயர் இரண்டு அட்டைகளில் இருப்பதுதான். திருமணமாகித் தனிக்குடித்தனம் வந்த பின்னரும் கணவரின் பெயர் அவர் தந்தையின் அட்டையிலும், மனைவியின் பெயர் பிறந்த வீட்டு அட்டையிலும் இருப்பது வழக்கம். முதலில் அவ்விரு பெயர்களையும் அந்தந்த அட்டைகளிலிருந்து நீக்கிய பின்னரே புதிய அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பெயரை நீக்கினால் பெரியவர்களின் அரிசி குறைந்துவிடுமோ என்று தயங்கும் குடும்பங்களைக் கண்டிருக்கின்றோம். அத்தயக்கம் புரிந்துகொள்ளத்தக்கதே. ஆனால் அட்டை இல்லாத இளங்குடும்பம் இழப்பது அரிசியை மட்டுமன்று. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்வதற்கும் குடும்ப அட்டை தேவை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பதற்கான சான்றும் தேவை. அறுவை சிகிச்சை வேண்டிய நாளில் அட்டைக்கு அலைவதைக் காட்டிலும் இன்றே தொடங்குவது நன்று.

அட்டை உள்ளோர் கவனிக்க வேண்டியவை

உங்கள் அட்டையின் மீது அதன் வகை அச்சிடப்பட்டிருக்கும். பி.எச்.எச். என்பது முன்னுரிமைக் குடும்பம். 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி அக்குடும்பத்தில் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசி பெறும் உரிமை உண்டு. இச்சட்டம் 2016 நவம்பர் மாதம் முதல் நம் மாநிலத்தில் நடைமுறையில் உள்ளது. அதனோடு ஏ.ஏ.ஒய். என்னும் எழுத்துகளும் இருப்பின் அது அந்தியோதயா அட்டை. குடும்பத்துக்கு மாதம் 35 கிலோ அரிசி கிடைக்கும். என்.பி.எச்.எச். என்பது முன்னுரிமையற்ற குடும்பம். எனினும் மாநில அரசின் செலவில் அவர்களுக்கும் அரிசி உண்டு.

அந்தியோதயா திட்டத்தின் வழிகாட்டு நெறிகள் நம் வாசகர்களுக்கு மிக முக்கியமானவை. நிலமற்ற விவசாயக் கூலிகள் மட்டுமன்றி, நிலையான வாழ்வாதாரம் இல்லாத குடும்பத்தின் தலைவர் கைம்பெண்ணாகவோ, மாற்றுத்திறனாளியாகவோ, 60 வயதைக் கடந்தவராகவோ, தீராத கொடிய நோயுற்றவராகவோ இருந்தாலும் அக்குடும்பம் இதற்கு உரியது. இவ்வட்டைகளின் எண்ணிக்கைக்கு வரையறை இருப்பதால் கேட்டவுடன் கிடைக்கும் என்று உறுதி கூற இயலாது. எழுத்து மூலம் கேட்காத குடும்பத்துக்குக் கிடைப்பது அதனினும் அரிது. கோரிக்கையுடன் மருத்துவச் சான்றை இணையுங்கள். நோயின் பெயரும், எவ்வளவு காலம் வேலை செய்ய இயலாது என்பதும் அதில் இருத்தல் வேண்டும். அதனை எழுதித் தருவது எங்கள் கடமை. கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.

முன்னுரிமை, அந்தியோதயா அட்டைகளில் உள்ள ஒவ்வொருவரும் நியாய விலைக் கடையில் ஒரு முறை விரல் ரேகை பதிந்து தம் விவரத்தை உறுதி செய்தாக வேண்டும். வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகளும் இதனை விட்டுவிடலாகாது.

கடைக்குச் செல்ல இயலாதபோது

பொருள் வாங்க நோயாளியே வர வேண்டும் என்பதில்லை. அட்டையில் பெயருள்ள எவரும் விரல் ரேகை பதிந்து வாங்கலாம். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல்களிலும், சில புற்றுநோய் மருந்துகளால் தோல் உரிந்த விரல்களிலும் ரேகை சரியாகப் பதிவதில்லை. அவ்வாறாயின் கருவிழிப் பதிவின் வாயிலாக வழங்குமாறு கேளுங்கள்.

வீட்டில் முதியவர் தனியே இருந்தாலோ, இருவரும் படுக்கையில் இருந்தாலோ, தமக்குப் பதிலாக வேறொருவர் பொருள் வாங்குவதற்கான அங்கீகாரச் சான்றை வட்ட வழங்கல் அலுவலகத்தில் பெறலாம். மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமையன்று நடைபெறும் பொது விநியோகத் திட்டக் குறைதீர் முகாமில் இச்சான்றுக்கும், பெயர் சேர்த்தல், நீக்கல், முகவரி மாற்றம் ஆகியவற்றுக்கும் மனு அளிக்கலாம். தேவதானப்பட்டி பெரியகுளம் வட்டத்தைச் சேர்ந்ததாதலால் அணுக வேண்டியது பெரியகுளம் வட்ட வழங்கல் அலுவலரை. 2025 ஆகஸ்ட் 12 அன்று தொடங்கப்பட்ட முதலமைச்சரின் தாயுமானவர் திட்டம், முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள்களைக் கொண்டு சேர்ப்பதற்கானது. உங்கள் அட்டை அப்பட்டியலில் உள்ளதா என்று கடை விற்பனையாளரிடம் கேட்டறியலாம்.

சிகிச்சைக்காக உறவினர் வீட்டில் தங்கியிருப்போர், 2020 அக்டோபர் முதல் மாநிலத்தின் எந்த நியாய விலைக் கடையிலும் பொருள் வாங்கிக்கொள்ளலாம். கேரள மலைத்தோட்டங்களில் வேலைக்குத் தங்கும் முன்னுரிமை அட்டைதாரர்கள் அங்கேயே தங்கள் பங்கு அரிசியைப் பெற 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' திட்டம் வழி செய்கின்றது.

காசநோயாளிகளுக்கான ஊட்டச்சத்து உதவித்தொகை

நிக்ஷய் போஷண் திட்டத்தின்கீழ் 2018 ஏப்ரல் முதல் காசநோயாளி ஒவ்வொருவருக்கும் மாதம் 500 ரூபாய் வழங்கப்பட்டு வந்தது. 2024 நவம்பர் முதல் இத்தொகை 1,000 ரூபாயாக உயர்ந்துள்ளது. ஆறு மாத சிகிச்சைக்கு 6,000 ரூபாய். நோய் கண்டறியப்பட்டதும் 3,000 ரூபாயும், 84 நாட்கள் சிகிச்சை முடிந்ததும் 3,000 ரூபாயும் வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்தப்படும். தனியார் மருத்துவரிடம் சிகிச்சை பெறுவோருக்கும் இது உண்டு. அம்மருத்துவர் உங்கள் பெயரை அரசின் நிக்ஷய் தளத்தில் பதிவு செய்திருந்தால் போதும். பதிவு செய்வது சட்டப்படி அவர் கடமையுமாகும். உடல் மிகவும் மெலிந்தோருக்கு முதல் இரண்டு மாதங்கள் செறிவூட்டிய துணை உணவு வழங்கவும் ஏற்பாடு உண்டு.

பணம் வந்து சேராமைக்குக் காரணங்கள் பெரும்பாலும் சிறியவை: கணக்குடன் ஆதார் இணைக்கப்படாமை, நெடுநாள் பயன்படுத்தாததால் கணக்கு முடங்கியிருத்தல், ஆதாரிலும் வங்கிப் புத்தகத்திலும் பெயர் வேறுபட்டிருத்தல். மாத்திரை வாங்க வரும் முதல் நாளிலேயே வங்கிப் புத்தகத்தையும் ஆதார் நகலையும் காசநோய்ப் பிரிவின் சுகாதாரப் பணியாளரிடம் காட்டி, பதிவு முடிந்ததா என்று கேளுங்கள். இரண்டு மாதம் கழித்துக் கேட்பது, எடை கூட வேண்டிய காலத்தை இழப்பதாகும்.

கருவுற்ற தாயோ சிறு குழந்தையோ வீட்டில் இருப்பின் அங்கன்வாடியில் பெயர் பதிந்து சத்துமாவு பெறுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் 18,000 ரூபாயில் ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் அடங்கும். அரசுத் தொடக்கப் பள்ளியில் பயிலும் பிள்ளைகளுக்குக் காலை உணவும் மதிய உணவும் உண்டு. பிள்ளைகளின் இருவேளை உணவு பள்ளியில் உறுதியானால் வீட்டிலுள்ள பருப்பில் நோயாளியின் பங்கு கூடும்.

மறுக்கப்பட்டால்

'இல்லை' என்று வாய்மொழியாகச் சொல்லப்பட்டதோடு திரும்பிவிடாதீர்கள். மனுவின் நகலில் ஒப்புகை பெறுங்கள். மறுப்பின் காரணத்தை எழுதித் தருமாறு பணிவுடன் கேளுங்கள். பொது விநியோகம் குறித்த புகார்களை 1967 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். திங்கட்கிழமைகளில் தேனி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர் கூட்டத்திலும் மனு அளிக்கலாம். நீங்கள் கேட்பது எவருடைய தயவையும் அன்று. சட்டமும் அரசாணையும் உங்களுக்கென்று வகுத்துள்ள பங்கையே கேட்கின்றீர்கள்.

பெற்ற பொருளை உண்பது குறித்தும் ஒரு சொல். அரிசி மட்டும் வயிற்றை நிரப்பும், தசையை வளர்க்காது. பருப்பு, வேர்க்கடலை, முட்டை, முருங்கைக் கீரை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றேனும் நாள்தோறும் உடன் இருக்கட்டும். நீரிழிவு, சிறுநீரக நோய் உள்ளோர் அளவுகளை மருத்துவரிடம் கேட்டு உண்ண வேண்டும்.

அடுத்த முறை வரும்போது மருத்துவக் குறிப்பேட்டுடன் குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகிய மூன்றின் நகல்களையும் எடுத்து வாருங்கள். வீட்டில் உணவு போதவில்லையெனில் அதனையும் இருமல், காய்ச்சலைச் சொல்வதுபோலவே எங்களிடம் சொல்லுங்கள். அதற்குரிய சான்றை அன்றே எழுதித் தருவோம்.