ஜப்பான் கடையில் சாந்தோம் கோடு

தங்கையின் பிரசவத்துக்காகச் சிங்கப்பூர் போயிருந்தேன். ஊர் திரும்பும் முன், என் பெண்ணுக்கு ஏதாவது வாங்கலாமென்று ஆர்ச்சர்ட் ரோடில் ஒரு சின்ன ஜப்பானிய உடுப்புக் கடைக்குள் நுழைந்தோம். கருநீலத்தில் மெல்லிய கோடு போட்ட பருத்தியில் ஒரு குழந்தை கிமோனோ!

"இந்தக் கோட்டுக்குப் பேர் சான்தோமே" என்றாள் கடைக்காரப் பெண்.

"நம்ம சாந்தோமா, அக்கா?" என்று சிரித்தாள் தங்கை.

அதேதான்! 17-ஆம் நூற்றாண்டில் நம் சோழமண்டலக் கரையின் கோடு போட்ட துணிகளை டச்சுக்காரர்கள் கப்பலேற்றி நாகசாகிக்குக் கொண்டுபோனார்கள். சாந்தோமின் பேரே துணிக்கும் நிலைத்துவிட்டது. பிறகு ஜப்பானியர்களே அதுபோல நெய்தார்கள். டச்சுக்காரர்கள் துணி வாங்கிய ஊர்களில் ஒன்றுதான், மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருக்கும் நம் சதுரங்கப்பட்டினம். அவர்கள் கட்டிய கோட்டையின் மிச்சம் இன்றும் அங்கே நிற்கிறது.

கிமோனோவின் தோளிலும் இடுப்பிலும் மடித்துத் தைத்திருந்தார்கள். குழந்தை வளர வளரப் பிரித்துவிடலாமாம். நாம் பாவாடைக்கு 'டக்' வைப்பதில்லையா, அதே சிக்கனம்!

விலையைப் பார்த்தேன், இருந்த இடத்திலேயே மாட்டிவிட்டேன்.

செங்கல்பட்டு வந்ததும், பாத்திரக்காரிக்குப் போடக் கட்டி வைத்திருந்த மூட்டையைப் பிரித்தேன். மறைந்த அம்மாவின் கோடு போட்ட கைத்தறிப் புடவை! கிழிசலை ஒதுக்கி, நல்ல பாகத்தில் பெண்ணுக்குப் பாவாடை தைத்தேன், மூன்று டக் வைத்து.

உங்கள் வீட்டு மூட்டையையும் ஒருமுறை பிரித்துப் பாருங்களேன்!