சைனஸ்: கையில் பிடித்துப் பார்க்க உங்கள் மூக்கின் மாதிரி

அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் புழுதி, பெரம்பலூரில் மக்காச்சோளம் அடிக்கும்போது பறக்கும் தூசி, இரண்டுமே மூக்கை உறுத்துபவை. மூக்கடைப்பு, தலைபாரம் என்றால் நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்போம். பெரும்பாலும் சரியாகிவிடும். சரியாகாமல் 12 வாரங்களுக்கு நீடித்தால் அது நாள்பட்ட சைனஸ் அழற்சி.

அறையும் வாசலும்

கன்னம், நெற்றி, கண்களுக்கு நடுவே, மூக்கின் பின்புறம் என முக எலும்புக்குள் நான்கு ஜோடிக் காற்றறைகள் உள்ளன. இவைதாம் சைனஸ்கள். அவற்றில் சுரக்கும் சளி சிறு வாசல்கள் வழியே மூக்குக்குள் வடிய வேண்டும். கன்ன அறையின் வாசலோ தரையில் இல்லை, மேலே இருக்கிறது. நுண்மயிர்கள்தாம் சளியை அங்கே ஏற்றிவிடுகின்றன. வாசல் வீங்கினால் சளி தேங்கிவிடும்.

இந்த அமைப்பு ஆளுக்கு ஆள் மாறும். கண்ணை ஒட்டிய எலும்புச் சுவர் காகிதம்போல் மெல்லியது. மூளைக்கு அடியிலுள்ள வாசனை நரம்புக் குழியின் ஆழம் சிலருக்கு 1 முதல் 3 மில்லிமீட்டர், சிலருக்கு 8-க்கும் மேல். 1962-ல் கெரோஸ் என்ற ஆய்வாளர் இந்த ஆழத்தை மூன்று வகையாகப் பிரித்தார். குழி ஆழமாக ஆக, அறுவை சிகிச்சையில் கவனமும் கூட வேண்டும்.

மாதிரி என்ன செய்யும்?

சி.டி. ஸ்கேனின் மெல்லிய அடுக்குப் படங்களைக் கணினி ஒன்றுசேர்க்க, முப்பரிமாண அச்சு இயந்திரம் அந்த நோயாளியின் மூக்கை அப்படியே வார்த்துத் தருகிறது. அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவர் அதில் ஒத்திகை பார்க்கலாம். ஏற்கெனவே அறுவை செய்து அடையாளங்கள் கலைந்துபோன மூக்கு, நெற்றி அறைச் சிக்கல் போன்றவற்றில் இது கைகொடுக்கும். தலையை எப்படிச் சாய்த்தால் மூக்கைக் கழுவும் நீர் எந்த அறைக்குப் போகிறது என்பதையும் ஆய்வாளர்கள் இத்தகைய மாதிரிகளில் சோதிக்கிறார்கள்.

தமிழ்நாட்டுக்கும் இந்த நுட்பம் புதிதல்ல. 2021-ல் பரவிய கருப்புப் பூஞ்சை, பலருக்குச் சைனஸில் தொடங்கி முக எலும்பை அரித்தது. அவர்களுக்காகச் சென்னை ஐஐடி, ஸ்கேன் படங்களிலிருந்து ஆளுக்கேற்ற டைட்டானியம் எலும்புகளை அச்சிட்டது.

எல்லோருக்கும் தேவையா?

இல்லை. பெரும்பாலோருக்கு, கொதிக்க வைத்து ஆறிய நீரில் உப்புக் கரைசல் தயாரித்து மூக்கைக் கழுவுவதும், மருத்துவர் சொல்லும் ஸ்டீராய்டு ஸ்பிரேயும்தான் முதல் சிகிச்சை. மாதிரி எலும்பைக் காட்டும். நாளுக்கு நாள் வீங்கி வடியும் சவ்வைக் காட்டாது. மாதிரிக்காகவே ஸ்கேன் எடுக்கவும் வேண்டாம்.

ஆனால் மருத்துவர் சொல்லி எடுத்தால், பிலிமோடு குறுந்தகட்டையும் கேட்டு வாங்குங்கள். வெறும் பிலிமை வைத்து மாதிரி செய்ய முடியாது. அதற்குக் குறுந்தகட்டில் உள்ள அசல் கோப்பு வேண்டும். அச்சு இயந்திரம் நம் ஊரில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கோப்பு இருந்தால், அரியலூர் மூக்கின் மாதிரியைச் சென்னையிலும் வார்க்கலாம்.