பென்டிரைவிலிருந்து எழும் லினக்ஸ்

கணிப்பொறியின் விசையை அழுத்தியவுடன் முதற்கண் விழிப்பது யாது? நாம் நாளும் பயன்படுத்தும் இயங்குதளம் அன்று. தாய்ப்பலகையில் பதிந்துள்ள பயாஸ் என்னும் சிறு நிரலே முன்னர் விழிக்கின்றது. புதிய பொறிகளில் அதனை யூஇஎஃப்ஐ என்பர். இயங்குதளம் எங்குளது என்று அந்நிரல் ஒவ்வொரு கருவியாக வரிசைப்படி நாடிச் செல்லும். அவ்வரிசையில் பென்டிரைவை முதலில் நிறுத்துவோமாயின், அதிலுள்ள லினக்ஸ் தனக்கு வேண்டும் பகுதிகளை நினைவகத்தில் ஏற்றிக்கொண்டு எழும். இதுவே பூட் செய்தல் எனப்படுவது. வன்தட்டின் உதவி இதற்கு வேண்டுவதில்லை.

லினக்சின் கருவை 1991இல் வெளியிட்டவர் லினஸ் டோர்வால்ட்ஸ். அக்காலத்து அவர் பின்லாந்து நாட்டு எல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவர்!

இதன் பயனை யான் பட்டறிந்தேன். ஈராண்டு முயன்று தொகுத்த அருஞ்சொற் குறிப்புகள் என் கணிப்பொறியில் இருந்தன. ஒருநாள் அது எழாது திரை இருண்டு நின்றது. உழைப்பெல்லாம் வீணாயிற்றே என்று கலங்கினேன். என் பெயரன் உபுண்டு பதிந்த பென்டிரைவைச் செருகி இயக்கினான். “தாத்தா, தட்டிலுள்ளவை அழியவில்லை” என்றான். பழுதுற்றது இயங்குதளமே; குறிப்புகள் இருந்தவிடத்தே இருந்தன. அவற்றை வேறொரு தட்டிற் படியெடுத்துத் தந்தான்.

மாணவர்களே, லினக்ஸ் கோப்பை மற்றைக் கோப்புகளைப்போல் பென்டிரைவில் படியெடுத்து வைத்தல் மட்டும் போதாது. ரூபஸ் போன்ற நிரலால் அதனை முறைப்படி எழுதுதல் வேண்டும். எழுதுங்கால் அதில் முன்னிருந்தவை யாவும் அழியும். ஆதலின் எக்கருவியில் எழுதுகின்றோம் என்பதை இருமுறை நோக்குக. மேலும், இவ்வாறு இயக்கும்போது புதிதாக எழுதியவை நினைவகத்திலேயே தங்குவதால், வேறிடத்தில் சேமியாது பொறியை அணைப்பின் அவையும் உடன் மறையும்.