ஐ.சி.யு. கட்டிலில் ஏன் இப்படிப் படுக்க வைக்கிறார்கள்?



நம் லயத்தில் ஒருவருக்கு நிமோனியா முற்றிவிடுகிறது. அல்லது மலையில் வழுக்கி விழுந்து தலையில் பலமாக அடிபடுகிறது. டிஸ்பென்சரியில் பார்த்துவிட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். அங்கே அதிதீவிர சிகிச்சைப் பிரிவில், அதாவது ஐ.சி.யு.வில், தொண்டைக்குள் குழாய் போட்டு வென்டிலேட்டர் என்ற சுவாச இயந்திரத்தில் வைக்கிறார்கள். ஒரு நாள் பேரை விட்டுவிட்டு, பஸ் ஏறிப் பார்க்கப் போன வீட்டார் என்ன சொல்கிறார்கள்?

"எந்நேரமும் சாய்ச்சே வச்சிருக்காங்களே, மட்டமாப் படுக்க வச்சா நல்லாத் தூங்குவாருல்ல?"

"நேத்து மல்லாந்து கிடந்த மனுசன இன்னைக்குக் கவுத்துப் போட்டுட்டாங்களே!"

இப்படி மனம் நொந்து போகிறவர்கள் பலர். நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் தலைமாட்டை இறக்கிவிடப் பார்ப்பவர்களும் உண்டு. பாசத்தில் செய்வதுதான். ஆனால் அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். மருந்தைப் போலவே படுக்க வைக்கும் முறையும் ஒரு சிகிச்சை என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

தலைமாடு உயர்ந்திருப்பது ஏன்?

நமக்கு எச்சில் புரையேறினால் இருமி வெளியே தள்ளிவிடுகிறோம். மயக்க மருந்தில் இருக்கும் நோயாளியால் அப்படிச் சரியாக இரும முடியாது. மூக்கு வழியாகக் குழாய் போட்டு வயிற்றுக்குப் பால், கஞ்சி போன்ற ஆகாரமும் போகிறது. மட்டமாகப் படுத்தால் வயிற்றில் உள்ளது மேலே ஏறி, வாயில் ஊறும் எச்சிலோடு சேர்ந்து, குழாயின் ஓரமாக நுரையீரலுக்குள் கசியும். அதிலிருந்து புதிதாக நிமோனியா வரும். வந்த நோய் ஒன்று, ஆஸ்பத்திரியில் பிடித்த நோய் இன்னொன்று என்று ஆகிவிடும்.

ஆகவே வேறு தடை இல்லாவிட்டால் தலைமாட்டை 30 முதல் 45 பாகை வரை உயர்த்தி வைப்பார்கள். நிமிர்ந்து உட்காருவது 90 பாகை என்றால், இது அதில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை. 1999ல் ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரில் 86 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. மட்டமாகப் படுத்தவர்களில் நூற்றுக்கு 34 பேருக்கு இந்த நிமோனியா வந்ததாகச் சந்தேகிக்கப்பட்டது. சாய்ந்து படுத்தவர்களில் நூற்றுக்கு 8 பேர்தான். செலவில்லாத வைத்தியம் அல்லவா?

பக்கம் மாற்றுவது ஏன்?

நாம் தூக்கத்தில் நம்மை அறியாமலே புரண்டு படுக்கிறோம். இவர்களால் அது முடியாது. ஒரே இடம் அழுந்திக் கிடந்தால் அங்கே ரத்த ஓட்டம் குறைந்து தோல் செத்துப் புண்ணாகும். இடுப்பின் அடி எலும்பு, குதிகால், பின்தலை ஆகிய இடங்களில்தான் முதலில் வரும். அதனால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுகிறார்கள். கீழே சரிந்துவிட்டால் பிடித்து இழுக்காமல், விரிப்போடு தூக்கி மேலே வைப்பார்கள். இழுத்தால் தோல் உரியும். தொண்டைக் குழாயும் கழன்றுவிடலாம்.

குப்புறப் படுக்க வைப்பது ஏன்?

நுரையீரலின் பெரும்பகுதி முதுகுப் பக்கமாக இருக்கிறது. மல்லாந்து படுத்தால் இருதயமும் வயிறும் அதை அழுத்தும். நோய் கடுமையாக இருந்தால் அந்தப் பகுதி சுருங்கிக் காற்று போகாமல் ஆகிவிடும். குப்புறப் படுக்க வைத்தால் அது திறந்து, ரத்தத்தில் பிராணவாயு கூடும்.

2013ல் வெளியான ஓர் ஆய்வில், பிரான்சிலும் ஸ்பெயினிலுமாக, நுரையீரல் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட 466 பேரைக் கவனித்தார்கள். மல்லாந்தே இருந்தவர்களில் நூற்றுக்கு 33 பேர் 28 நாட்களுக்குள் இறந்தார்கள். ஒரு தடவைக்குக் குறைந்தது 16 மணி நேரம் குப்புறப் படுக்க வைக்கப்பட்டவர்களில் 16 பேர். 2020ல் கொரோனா வந்தபோது உலகம் முழுவதும் இந்த முறை கைகொடுத்தது.

இது எல்லோருக்கும் செய்வதல்ல. முதுகெலும்பு முறிந்து ஆடுகிறவர்களுக்குச் செய்யக்கூடாது. செய்யும்போதும் நாலைந்து பேர் சேர்ந்து, ஒருவர் தலையையும் குழாயையும் பிடித்துக்கொண்டுதான் திருப்புவார்கள். பிறகு முகமும் கண்ணும் வீங்கித் தெரியலாம். யாரும் அடித்துவிட்டதாக நினைத்துப் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் மல்லாத்திய பின் வீக்கம் வடியும்.

நாம் செய்ய வேண்டியவை

1. கட்டிலையும் தலையணையையும் குழாயையும் நாமாகத் தொடக்கூடாது.

2. ஒரு சொட்டுத் தண்ணிகூட வாயில் விடக்கூடாது.

3. நோயாளிக்கு முன்பே கழுத்து, முதுகு அடியோ ஆபரேசனோ இருந்தால் கேட்காமலே சொல்லிவிடுங்கள்.

4. ஆள் கீழே சரிந்து கிடந்தால், "மிஸ், அப்பா கீழ சரிஞ்சிட்டாரு, கொஞ்சம் பாருங்க" என்று கூப்பிடுங்கள். சிங்களம் வராவிட்டால் பேசத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். அது நம் உரிமை.

5. கையைக் கழுவிவிட்டு, நர்ஸிடம் கேட்டு, நோயாளியின் கையைப் பிடித்துப் பேசுங்கள். பதில் வராவிட்டாலும் நம் குரல் அவர் காதில் விழக்கூடும்.

வீட்டுக்கு வந்த பிறகும் படுக்கையிலேயே இருப்பவரை அடிக்கடி பக்கம் மாற்றுங்கள். ஆகாரம் கொடுக்கும்போது நன்றாகச் சாய்த்து உட்கார வையுங்கள். ஆஸ்பத்திரியில் தொடங்கிய வைத்தியத்தை லயத்தில் தொடர வேண்டியது நாம்தான்.