மேலங்கியை விட்டுவிட்டு ஓடிய மேனேஜர்!

மூன்றே எழுத்து. ஆங்கிலத்தில் 'நாட்' என்கிற துக்கடா வார்த்தை. 1631-ல் லண்டனில் ராபர்ட் பார்க்கர், மார்ட்டின் லூகாஸ் என்ற இரண்டு பேர் அச்சடித்த பைபிளில் அது விட்டுப் போய்விட்டது. விட்டுப் போன இடம்தான் விசேஷம். விபசாரம் கூடாது என்கிற கட்டளை, 'தாராளமாகச் செய்' என்கிற அர்த்தத்தில் அச்சாகிவிட்டது! ராஜா சும்மா விடுவாரா? 300 பவுன் அபராதம், லைசென்ஸ் காலி.

நம்ம ஊர் சட்டப் புத்தகத்திலும் ஒன்று காணாமல் போனது. அச்சுப்பிழையால் அல்ல. 1860-ம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-வது பிரிவு. அடுத்தவர் மனைவியோடு, அந்தப் புருஷனின் சம்மதமில்லாமல் உறவு வைத்தால் குற்றம் என்றது. சம்மதம் இருந்தால்? குற்றமில்லை! மனைவி என்ன, இரவல் கொடுக்கிற சைக்கிளா? 2018 செப்டம்பர் 27 அன்று சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்தது. சரியான தீர்ப்புதான். விவாகரத்து கேட்க அது இன்னமும் காரணமாக நிற்கிறது. ஜெயில் பயம்தான் போய்விட்டது.

அந்த வழக்கைப் போட்டவர் பெயர் ஜோசப் ஷைன். பைபிளிலும் ஒரு ஜோசப் உண்டு. தமிழ் பைபிளில் யோசேப்பு. எகிப்தில் போத்திபார் என்ற அதிகாரி வீட்டுக்கு அடிமையாக வந்து, நம்ம பாஷையில் மேனேஜராக உயர்ந்தவன். தான் சாப்பிடும் சாப்பாட்டைத் தவிர வேறெதையும் முதலாளி கவனிப்பதில்லை. அவ்வளவு நம்பிக்கை. முதலாளியம்மாவுக்கோ இவன் மேல் கண். ஒரு நாள் இல்லை, தினமும் கூப்பிடுகிறாள். முடியாது என்றதோடு நிற்காமல், அவள் பக்கத்தில் இருப்பதையே தவிர்த்தான் யோசேப்பு. ஒரு நாள் வீட்டில் ஆளில்லாத நேரம், மேலங்கியைப் பிடித்து இழுத்தாள். அங்கி போனால் போகிறதென்று விட்டுவிட்டு எடுத்தான் ஓட்டம். கிடைத்தது ப்ரமோஷனா? பொய்ப் புகாரில் ஜெயில்!

தாவீது ராஜா கதை நேரெதிர். படை யுத்தத்துக்குப் போயிருக்கிறது. ராஜா மட்டும் அரண்மனையில். சாயங்காலம் எழுந்து மொட்டை மாடியில் உலாத்தும்போது, குளிக்கிற பெண் கண்ணில் பட்டாள். அது தற்செயல். அப்புறம் யாரென்று விசாரித்தார். உரியாவின் மனைவி பத்சேபாள் என்று தெளிவாகவே பதில் வந்தது. அதற்கப்புறமும் ஆள் அனுப்பினார் பாருங்கள், அது தற்செயல் இல்லை. கடைசியில் விசுவாசமான சிப்பாய் உரியாவைப் போர்முனையில் சாகவிட்டு மூடி மறைக்கப் பார்த்தார். கணக்கெழுதுகிறவர்களுக்குத் தெரியும், பெரிய கையாடல்கூட பெட்டி கேஷில்தான் ஆரம்பிக்கும். இயேசு இன்னும் கறார். இச்சையோடு பார்த்தாலே மனசுக்குள் காரியம் முடிந்தது என்கிறார்.

அமெரிக்கப் பிரசங்கி பில்லி கிரஹாம், 1948-ல் மொடெஸ்டோ என்ற ஊரில் தன் குழுவோடு உட்கார்ந்து ஒரு முடிவெடுத்தார். மனைவி தவிர வேறு பெண்ணோடு தனியாகச் சாப்பாடு கிடையாது, பயணம் கிடையாது. பிரசங்கிக்கு அது சரி. ஆபீசில் அதையே சட்டமாக்கினால், கூட வேலை செய்யும் பெண்களை மீட்டிங்குக்குக்கூட கூப்பிட மாட்டோம். நம் பலவீனத்துக்கு அவர்கள் ஏன் நஷ்டப்பட வேண்டும்?

நண்பர் ஒருவரின் வழி எனக்குத் தேவலை. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆபீசில் ஒரு சிநேகிதி.

"தப்பா ஒண்ணுமே நடக்கலை சார், வெறும் டீதான். ஆனா ஒரு நாள், யாரோட டீ குடிச்சேன்னு வீட்ல சொல்லலை. ஏன் சொல்லலைன்னு மறுநாள் பஸ்ல யோசிச்சேன். வேர்த்துப் போச்சு" என்றார்.

அன்று ராத்திரியே மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பூகம்பம் வரும் என்று எதிர்பார்த்தாராம். அந்தம்மா பாத்திரம் துலக்கியபடியே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாராம்:

"உங்க சட்டைக்கு நீங்களே இஸ்திரி போட ஆரம்பிச்சீங்களே, அப்பவே தெரியும். நீங்களா சொல்றீங்களான்னுதான் பார்த்துட்டிருந்தேன்."