நாய்க்கு இரண்டு மயக்க மருந்து எதற்கு?

காட்டுக் காவலுக்கு நாய் வளர்ப்பவர்கள், கருத்தடை அறுவை சிகிச்சை என்றால் கத்திக்குக்கூடப் பயப்படுவதில்லை. மயக்க ஊசிக்குத்தான் பயப்படுகிறார்கள். 'இரண்டு மருந்து ஏற்றுகிறார்களே, தாங்குமா சார்?' என்பது அடிக்கடி வரும் கேள்வி.

இரண்டாகக் கொடுப்பதே பாதுகாப்புக்குத்தான். கீட்டமைன் மட்டும் போட்டால் உடம்பு விறைக்கும், எச்சில் ஒழுகும், சில நாய்களுக்கு வலிப்பும் வரலாம். சைலசின் அல்லது டயசிபாம் சேர்த்தால் தசை தளரும். கீட்டமைனும் குறைவாகவே தேவைப்படும். சைலசினுக்கும் குறை உண்டு. வாந்தி வரவைக்கும், இதயத் துடிப்பைக் குறைக்கும். அதனால்தான் கால்நடை மருத்துவர் எடை பார்த்து, ரத்தக்குழாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறார். எடையைக் குத்துமதிப்பாகச் சொல்லாமல் தராசில் நிறுத்துச் சொல்லுங்கள். (இதே சைலசின் மாட்டுக்கு, கிலோ கணக்கில் நாய்க்கான அளவில் பத்தில் ஒரு பங்கே போதும். ஒன்றின் அளவை மற்றொன்றுக்குப் போடுவது விபரீதம்.)

நம் கையில் இருப்பது பட்டினி. வளர்ந்த நாய்க்கு முதல்நாள் இரவோடு சாப்பாட்டை நிறுத்த வேண்டும். 'பாவம், வெறும் வயிறு' என்று காலையில் தயிர்சோறு வைத்தால், மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போய் உயிரே போகலாம். குட்டி என்றால் எத்தனை மணி நேரம் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

கீட்டமைன் மயக்கத்தில் கண் திறந்தே இருக்கும். செத்துவிட்டதோ என்று அலற வேண்டாம். உடல் சூடு குறையும் என்பதால் சாக்கு விரித்துப் படுக்க வையுங்கள். தானாக எழுந்து தள்ளாடாமல் நடக்கும்வரை சோறோ தண்ணீரோ கூடாது.